குறட்டை திடீரென்று நின்றால்...

"தலை தலையணையில் பட்டால் போதும், அடுத்த நிமிடமே குறட்டைதான். நல்ல நித்திரைக்காரர்!" நமது வீடுகளில் கணவரைப் பற்றியோ வாப்பாவைப் பற்றியோ பகிடியாகச் சொல்லப்படும் பேச்சு இது. உரத்த குறட்டை என்றால் ஆழ்ந்த நித்திரை என்று உம்மும்மாமார் காலத்திலிருந்தே நாம் நம்பி வந்திருக்கிறோம். வைத்தியர்கள் சொல்வதோ இதற்கு நேர்மாறானது. தினமும் உரத்துக் குறட்டை விடுபவர் பெரும்பாலும் நன்றாக நித்திரை கொள்வதில்லை. அவருடைய மூச்சு ஒடுங்கிய வழியொன்றினூடாகச் சிரமப்பட்டுச் சென்று வருகிறது என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி.

அந்தச் சத்தத்தை விடக் கவனிக்க வேண்டியது அதன் நடுவே வரும் மௌனமாகும். குறட்டை ஏறிக்கொண்டே போய் திடீரென நின்றுவிடுகிறது. பத்து, இருபது செக்கன்களுக்கு எந்தச் சத்தமும் இல்லை. பிறகு ஒரு திணறலுடன் மூச்சு திரும்பி, குறட்டை மறுபடி தொடங்குகிறது. இந்த மௌனத்தில் மூச்சே நின்றிருக்கிறது. இதைத்தான் வைத்தியர்கள் 'ஸ்லீப் அப்னியா', அதாவது நித்திரைச் சுவாசத் தடை என்கிறார்கள். உலகில் 30 முதல் 69 வயது வரையானவர்களில் ஏறத்தாழ 93 கோடி 60 இலட்சம் பேருக்கு இது இருக்கலாம் என 2019இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பலருக்குத் தமக்கு இப்படியொரு நோய் இருப்பதே தெரியாது. நித்திரையில் நடப்பது நித்திரை கொள்பவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் விழித்திருப்பவருக்குத்தான் தெரியும். அதனால்தான் சகோதரிகளே, இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதப்படுகிறது.

தொண்டையில் நடப்பது என்ன?

நாம் விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் இறுக்கமாக நின்று மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. நித்திரையில் அவை தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் மென்மையான அண்ணமும் பின்னோக்கிச் சாய்கின்றன. பாதை சற்று ஒடுங்கினால் குறட்டை வரும். முழுதாக அடைபட்டால் மூச்சு நின்றுவிடும்.

மூச்சு நின்றதும் குருதியில் ஒட்சிசன் குறைகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை ஒரு கணம் உடலை விழிக்கச் செய்கிறது. தசைகள் இறுகிப் பாதை திறக்கிறது. இந்த விழிப்பு மிகக் குறுகியது என்பதால் காலையில் நினைவில் இருக்காது. ஆயினும் நித்திரை அறுபட்டு அறுபட்டுப் போகிறது. ஒவ்வொரு முறையும் இதயம் பதறித் துடிக்கிறது, குருதி அமுக்கம் ஏறி இறங்குகிறது.

ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது நன்கு குறைகிறது என்பதை வைத்தே நோயின் கடுமை அளக்கப்படுகிறது. குறைந்தது 10 செக்கன்களாவது நீடிக்கும் தடைகளே கணக்கில் சேரும். வளர்ந்தவர்களுக்கு 5 முதல் 14 வரை இலேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரமானது, 30உம் அதற்கு மேலும் கடுமையானது. மணிக்கு 30 தடவை என்றால் ஏழு மணித்தியால நித்திரையில் 210 தடவை அந்த மனிதர் மூச்சுக்காகப் போராடி எழுந்திருக்கிறார். காலையில் அவர் எரிந்து விழுவதில் என்ன ஆச்சரியம்?

மூளையிலிருந்து மூச்சு விடும் கட்டளையே சரியாக வராத இன்னொரு வகையும் உண்டு. இதயம் பலவீனமானவர்களிடம் அது காணப்படலாம். அதன் சிகிச்சை வேறு. இங்கு நாம் பேசுவது பரவலாகக் காணப்படும் தொண்டை அடைப்பு வகையைப் பற்றியே.

வீட்டிலேயே கேட்கக்கூடிய எட்டுக் கேள்விகள்

உலகெங்கும் வைத்தியர்கள் பயன்படுத்தும் எட்டுக் கேள்விகளை நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்.

1. மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவு குறட்டை விடுகிறாரா?
2. பகலில் அடிக்கடி களைப்பும் தூக்கக் கலக்கமும் இருக்கிறதா?
3. நித்திரையில் மூச்சு நிற்பதை யாராவது கண்டிருக்கிறார்களா?
4. உயர் குருதி அமுக்கம் இருக்கிறதா, அதற்கு மருந்து எடுக்கிறாரா?
5. உடற்பருமன் அதிகமா?
6. வயது 50ஐத் தாண்டிவிட்டதா?
7. கழுத்தின் சுற்றளவு 40 சென்ரி மீற்றருக்கு மேலா?
8. ஆணா?

மூன்று 'ஆம்' கிடைத்தால் வைத்தியரிடம் பேச வேண்டும். ஐந்துக்கு மேற்பட்டால் தாமதிக்கவே கூடாது. காலைத் தலைவலி, வாய் உலர்ந்து எழும்புதல், இரவில் பல தடவை சிறுநீர் கழிக்க எழுதல், மறதி, இல்லறத்தில் நாட்டமின்மை ஆகியனவும் இந்நோயோடு சேர்ந்து வரக்கூடியவை. எடை மிக அதிகம் இல்லாதவருக்கும் இது வரலாம் என்பதை மறக்கக்கூடாது. சிறிய தாடை, மூக்கடைப்பு, தைரொயிட் சுரப்பு குறைதல், குடும்ப வழி என்பனவும் காரணமாகலாம்.

"இரவில் கொஞ்சம் மூச்சு நின்றால் என்ன, இவ்வளவு காலமும் இருந்தவர்தானே" என்று இருந்துவிட முடியாது. மருந்துக்கும் அடங்காத உயர் குருதி அமுக்கம், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை, பாரிசவாதம், நீரிழிவு ஆகியவற்றோடு இந்நோய்க்கு நெருங்கிய தொடர்புண்டு. இவற்றை விட உடனடியான ஆபத்து பாதையில் காத்திருக்கிறது. லொறி, வான், முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இரண்டு செக்கன் கண்ணயர்ந்தால் போதும். அது அவருடைய உயிரோடு மட்டும் நிற்பதில்லை.

பெண்களுக்கு வராதா?

எட்டாவது கேள்வியைப் பார்த்துவிட்டுப் பெண்கள் நிம்மதி அடைந்துவிடக்கூடாது. மாதவிடாய் நின்றபின் பெண்களிடம் இந்நோய் குறிப்பிடத்தக்க அளவு அதிகரிக்கிறது. ஆனால் பெண்களிடம் அது வேறு முகத்தோடு வருகிறது. வீடு அதிரும் குறட்டை இல்லாமலே இருக்கலாம். அதற்குப் பதிலாக நித்திரை வராமை, காலைத் தலைவலி, நாள் முழுவதும் சோர்வு, காரணமில்லாத கவலை என்பன தோன்றும். "வீட்டு வேலை கூடிவிட்டது, வயதும் போகிறது" என்று வீட்டார் சொல்வார்கள். அவளும் அப்படியே நம்பி இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். சிலர் மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து எடுத்தபடி ஆண்டுக் கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

அது மட்டுமல்ல, கணவர் குறட்டை விட்டால் மனைவி விழித்திருந்து கேட்கிறாள். மனைவிக்கு மூச்சு நின்றால் கேட்பதற்கு யார் விழித்திருக்கிறார்கள்? கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். உம்மாவோடு ஒரே அறையில் படுக்கும் மகளோ மருமகளோதான் கவனிக்க வேண்டும்.

கர்ப்ப காலத்தில் புதிதாக உரத்த குறட்டை தொடங்கினால் கிளினிக்கில் தவறாமல் சொல்லுங்கள். கர்ப்பகால உயர் குருதி அமுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் இதனோடு தொடர்பிருப்பது அறியப்பட்டுள்ளது.

பரிசோதனைக்குப் போகுமுன்

முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போகலாம். அவர் தேவைக்கேற்பச் சுவாச நோய்க் கிளினிக்குக்கோ காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்கோ கடிதம் தருவார். போகும்போது ஒரு சாட்சியத்தைக் கையோடு கொண்டு போங்கள். நித்திரையில் இருப்பவரின் மூச்சைக் கைத்தொலைபேசியில் இரண்டு மூன்று நிமிடம் பதிவு செய்தால் போதும். பத்து வார்த்தைகளில் சொல்ல முடியாததை அந்தப் பதிவு வைத்தியருக்குச் சொல்லிவிடும். ஆனால் அதைக் குடும்பக் குழுக்களுக்கு அனுப்பிச் சிரிப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது ஒரு நோயாளியின் அமானிதம்.

நோயை உறுதி செய்வது நித்திரைப் பரிசோதனையே. இரவு முழுவதும் மூச்சின் ஓட்டம், நெஞ்சின் அசைவு, குருதியில் ஒட்சிசன் அளவு, இதயத் துடிப்பு, மூளையின் மின் அலைகள் எல்லாம் பதியப்படும். ஊசி குத்துவதோ வலியோ இல்லை. சிலருக்குச் சிறிய கருவியொன்றைக் கொடுத்து வீட்டிலேயே ஓர் இரவு மாட்டிக்கொண்டு படுக்கச் சொல்வார்கள். இந்தப் பரிசோதனை இல்லாமல் எந்தச் சிகிச்சைக்கும் பணத்தைச் செலவழிக்க அவசரப்படாதீர்கள்.

காற்றே மருந்தாகும் கருவி

1980க்கு முன் இந்நோய் கடுமையானவர்களுக்கு இருந்த நம்பகமான சிகிச்சை ஒன்றுதான். தொண்டையின் முன்புறம் துளையிட்டுக் குழாய் பொருத்துவார்கள். அந்த ஆண்டு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு நோயாளிக்கு அதுவே ஆலோசனையாகச் சொல்லப்பட்டபோது, வேறு வழி இல்லையா என்று அவர் கேட்டார். கொலின் ஸலிவன் என்ற வைத்தியர் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டரைக் கொண்டு காற்றை ஊதச் செய்து, அதை ஒரு குழாய் வழியாக அவருடைய மூக்கினுள் செலுத்தினார். காற்றின் அழுத்தம் தொண்டையை உள்ளிருந்தே விரித்து வைத்தது. அந்த நோயாளி இரவு முழுவதும் தடையின்றி நித்திரை கொண்டார். ஐந்து நோயாளிகள் பற்றிய ஸலிவனின் அறிக்கை 1981இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. இன்று 'சீபெப்' என அழைக்கப்படும் கருவியின் வரலாறு இதுதான்.

இப்போதைய கருவி தலைமாட்டில் வைக்கும் சிறு பெட்டியளவுதான். அது ஒட்சிசன் கொடுப்பதில்லை. அறையின் சாதாரணக் காற்றையே மெல்லிய அழுத்தத்தோடு ஊதுகிறது. நடுத்தரமான, கடுமையான நோய்க்கு இதுவே முதன்மைச் சிகிச்சை. சிலருக்கு முதல் இரவிலேயே குறட்டை அடங்கி, மறுநாள் பகல் தூக்கம் குறைந்துவிடும்.

பிரச்சினை கருவியில் அல்ல, அது அலுமாரிக்குள் போய்விடுவதில்தான் இருக்கிறது. முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு படுக்க யாருக்கும் முதல் நாளே பிடிக்காது. வாங்கிய பலர் சில வாரங்களில் கைவிட்டுவிடுகிறார்கள். இங்கேதான் வீட்டாரின் பங்கு தொடங்குகிறது.

* பகலில் பத்திரிகை வாசிக்கும்போதோ செய்தி பார்க்கும்போதோ அரை மணித்தியாலம் மாட்டிப் பழகச் சொல்லுங்கள்.
* மூக்கை மட்டும் மூடுவது, மூக்கையும் வாயையும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துவது என மாஸ்க் பல வகைப்படும். ஒன்று ஒத்துவராவிட்டால் மற்றொன்றைக் கேளுங்கள்.
* தாடி வைத்திருப்பவர்களுக்குப் பெரிய மாஸ்க்கின் ஓரத்தால் காற்றுக் கசியலாம். தாடியை எடுக்க வேண்டியதில்லை. மூக்குத் துவாரத்தில் பொருந்தும் வகை அவர்களுக்குப் பெரும்பாலும் சரிவரும்.
* மூக்கும் வாயும் உலர்ந்தால் ஈரப்பதம் தரும் பகுதியை இணைக்கலாம். அதற்குக் காய்ச்சி வடித்த தூய நீரே ஏற்றது. தினமும் பழைய நீரை ஊற்றிவிட வேண்டும்.
* மாஸ்க்கைத் தினமும் மென்மையான சவர்க்காரத்தில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.
* பகல் நித்திரைக்கும் கருவி வேண்டும். நோன்பு காலத்தில் நித்திரை இரண்டாக மூன்றாகப் பிரிந்துவிடும். ஸஹருக்குப் பின் படுத்தாலும், ளுஹருக்குப் பின் சற்றுச் சாய்ந்தாலும் மாட்டிக்கொள்வதே சரி. நோன்போடு பாவிப்பது பற்றி மார்க்க விளக்கம் வேண்டுவோர், அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஆலிமிடம் விளக்கிக் கேட்டுக்கொள்ளலாம்.

மின்சாரம் இல்லாமல் கருவி இயங்காது. 2022 மார்ச் இறுதியில் நமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை யாரும் மறந்திருக்க முடியாது. வாங்கும்போதே அதற்குரிய பற்றரி உண்டா என்று கேட்டு வைப்பது நல்லது. மின்சாரம் இல்லாத இரவில் சரிந்து படுப்பதும் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் ஓரளவு உதவும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பழைய கருவியொன்றை அனுப்ப முன்வரலாம். நல்ல மனதுதான். ஆனால் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், அந்த ஆண்டு ஏப்ரல் 26க்கு முன் தயாரிக்கப்பட்ட தனது பல மாதிரிக் கருவிகளை மீள அழைத்தது. அவற்றில் சத்தத்தை அடக்கப் பொருத்தப்பட்டிருந்த பஞ்சு சிதைந்து, அதன் துகள்கள் மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்பதே காரணம். எனவே பழைய கருவியின் மாதிரியையும் தயாரித்த ஆண்டையும் பார்க்காமல் பாவிக்க வேண்டாம். காற்றின் அழுத்தமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு அமைத்ததை மற்றவர் அப்படியே போடக்கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏற்கனவே இதய அல்லது மூளைக் குருதிக் குழாய் நோயுள்ள 2,717 பேரிடம் செய்யப்பட்ட பெரிய ஆய்வொன்றின் முடிவு 2016இல் வெளியானது. சீபெப் பாவித்தவர்களிடம் மாரடைப்போ பாரிசவாதமோ குறைந்ததாக அதில் தெரியவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலமே கருவியைப் போட்டிருந்தார்கள். ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் முன்னேறின. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. பாதி இரவுச் சிகிச்சை முழு இரவுச் சிகிச்சை ஆகாது. கருவி வந்துவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

மாஸ்க் ஒத்துவராதவர்களுக்கு

எவ்வளவு முயன்றும் மாஸ்க் பழகாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு.

வாய்க் கருவி: பயிற்சி பெற்ற பல் வைத்தியர் அளவெடுத்துச் செய்து தரும் இதை இரவில் பற்களில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது கீழ்த் தாடையைச் சற்று முன்னோக்கித் தள்ளி வைப்பதால் நாக்கும் முன்னே வந்து பாதை திறக்கிறது. இலேசான, நடுத்தரமான நோய்க்கு இது நன்கு உதவும். மின்சாரமும் தேவையில்லை. உறுதியான பற்கள் போதுமான அளவு இருக்க வேண்டும். ஆரம்பத்தில் தாடை வலிக்கலாம், காலப்போக்கில் கடிக்கும் அமைப்புச் சற்று மாறலாம். பொருத்திய பின் இன்னொரு நித்திரைப் பரிசோதனை செய்து பலனை உறுதி செய்வது அவசியம்.

படுக்கும் நிலை: மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சு நிற்பவர்கள் பலர். அவர்கள் சரிந்து படுத்தாலே பெரும் மாற்றம் தெரியும். இரவுச் சட்டையின் முதுகுப் புறத்தில் ஒரு பை தைத்து, அதில் டெனிஸ் பந்தொன்றை வைத்துவிட்டால் மல்லாந்து புரளும்போது அதுவே திருப்பிவிடும். தையல் தெரிந்த நமக்கு இது பத்து நிமிட வேலை. கடுமையான நோய்க்கு இது மட்டும் போதாது.

எடையும் புதிய ஊசியும்

பருமனானவர்களின் நாக்கிலும் தொண்டையைச் சுற்றியும் கொழுப்புப் படிந்து பாதையை ஒடுக்குகிறது. அமெரிக்காவின் விஸ்கொன்ஸின் மாநிலத்தில் நடந்த நீண்ட கால ஆய்வொன்று, உடல் எடையில் 10 வீதம் குறைந்தால் மூச்சுத் தடைகள் ஏறத்தாழ 26 வீதம் குறையும் எனக் கணித்தது. 90 கிலோ எடையுள்ளவர் 81 கிலோவுக்கு வருவது ஒரேயடியாக நடக்காது. இரவு ஒன்பது மணிக்குக் கொத்து ரொட்டியும் குளிர்பானமும் என்ற பழக்கத்தை விட்டு, சாப்பாட்டை நேரத்தோடு முடித்து, இஷாவுக்குப் பின் சற்று நடப்பதிலிருந்து தொடங்கலாம். சமைப்பதும் பரிமாறுவதும் நம் கையில் என்பதால் இந்தச் சிகிச்சையில் பாதி குசினியில்தான் நடக்கிறது.

மருந்து மாத்திரையால் இந்நோய்க்குத் தீர்வில்லை என்பதே நீண்ட காலம் நிலவிய நிலை. 2024 டிசம்பரில் ஒரு மாற்றம் வந்தது. வாரம் ஒரு முறை போடும் 'டிர்ஸெபடைட்' என்ற ஊசி மருந்தை, உடற்பருமனோடு நடுத்தரமான அல்லது கடுமையான சுவாசத் தடை உள்ள வளர்ந்தவர்களுக்கு வழங்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அனுமதித்தது. அம்மருந்து பசியைக் குறைத்து எடையை இறக்குவதன் மூலமே பெரிதும் பயன் தருகிறது. மெலிந்தவர்களுக்கு அல்ல. குமட்டல், வயிற்றோட்டம் போன்ற பக்க விளைவுகள் உண்டு. கர்ப்பிணிகள் எடுக்கக்கூடாது. நிறுத்தினால் எடை திரும்பி வருவதும் உண்டு. வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல், யாரோ கொண்டு வந்து விற்கும் ஊசியை வாங்கிப் போடுவது பெரும் ஆபத்து.

சத்திரசிகிச்சை எப்போது?

மூக்கின் நடுச்சுவர் வளைந்திருந்தால் அதைச் சரிசெய்வது மாஸ்க் பாவிப்பதை இலகுவாக்கும். வளர்ந்தவர்களுக்கு அண்ணத்தின் தளர்ந்த பகுதியை வெட்டிச் சீராக்கும் சத்திரசிகிச்சை உண்டு. அதன் பலன் ஆளுக்கு ஆள் வேறுபடும், சிலருக்கு நோய் மீண்டும் வரும். இரு தாடைகளையும் முன்னகர்த்தும் பெரிய சத்திரசிகிச்சை பொருத்தமானவர்களுக்கு நல்ல பலன் தரும், ஆனால் குணமாக நீண்ட நாள் எடுக்கும்.

நெஞ்சின் தோலுக்கடியில் சிறு கருவியொன்றை வைத்து, நாக்கை அசைக்கும் நரம்பைத் தூண்டும் முறைக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு வெளியான ஆய்வில் 126 பேருக்கு இது பொருத்தப்பட்டது. ஓராண்டு முடிவில் மணிக்கு சுமார் 29ஆக இருந்த தடைகள் 9ஆக இறங்கின. இது செலவு மிகுந்தது. மாஸ்க் பாவிக்க முடியாத, அளவுக்கு மிஞ்சிய பருமன் இல்லாத சிலருக்கு மட்டுமே ஏற்றது.

பிள்ளைகளின் குறட்டை

சின்னப் பிள்ளை குறட்டை விட்டால் "வாப்பாவைப் போலவே" என்று நாம் சிரிக்கிறோம். தினமும் குறட்டை விடும், வாயைத் திறந்து மூச்சு விடும், நித்திரையில் கழுத்தை நிமிர்த்தி வியர்த்துப் புரளும் பிள்ளையை வைத்தியரிடம் காட்ட வேண்டும். பெரியவர்கள் நித்திரை குறைந்தால் தூங்கி வழிவார்கள். பிள்ளைகளோ துடுக்குத்தனம் கூடி, படிப்பில் கவனம் சிதறி, சில வேளை படுக்கையில் சிறுநீர் கழிப்பார்கள். குழப்படி என்று அடி வாங்கும் பிள்ளைக்கு இரவில் மூச்சு அடைபடுவது பெற்றோருக்குத் தெரிவதில்லை.

பிள்ளைகளிடம் முக்கிய காரணம் டொன்சிலும் மூக்கின் பின்னுள்ள அடினொயிட்டும் வீங்கியிருப்பதே. அவற்றை அகற்றுவதே வழமையான சிகிச்சை. 5 முதல் 9 வயதான 464 பிள்ளைகளிடம் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 79 வீதமானோருக்கு ஏழு மாதத்தில் நித்திரைப் பரிசோதனை வழமைக்குத் திரும்பியது. காத்திருக்கச் சொல்லப்பட்ட பிள்ளைகளிலும் 46 வீதமானோருக்குத் தானாகவே சரியானது. ஆகவே இலேசான நோய் என்றால் வைத்தியரின் கண்காணிப்பில் பொறுத்திருந்து பார்க்கவும் இடமுண்டு.

செய்யக்கூடாதவை

நித்திரை வருவதில்லை என்று தூக்க மாத்திரை எடுப்பது தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தி நோயைக் கூட்டக்கூடும். தூக்கம் வரச்செய்யும் தடிமல் மருந்துகளையும் வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும். வாயை ஒட்டுத்தாளால் ஒட்டிக்கொண்டு படுப்பதாக இப்போது பரவும் பழக்கம், மூக்கடைப்புள்ளவருக்கு ஆபத்தாக முடியலாம். மூக்கில் ஒட்டும் பட்டியும் தொண்டையில் அடிக்கும் ஸ்பிறேயும் சத்தத்தைக் குறைத்தாலும் மூச்சு நிற்பதைக் குணமாக்காது. சத்தம் குறைந்ததால் நோய் தீர்ந்தது என்று ஏமாறவே அவை வழிசெய்யும். புகைப்பிடித்தலை நிறுத்த வேண்டும்.

வேறு ஏதாவது சத்திரசிகிச்சைக்கு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் இந்நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். கருவி இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

எப்படிச் சொல்வது?

குறட்டையால் படுக்கையைப் பிரித்துக்கொண்ட தம்பதிகள் நம்மில் குறைவல்ல. அவர் ஓர் அறையிலும் பிள்ளைகளோடு அவள் இன்னோர் அறையிலும் ஆண்டுகள் கடக்கின்றன. சத்தம் கேட்காததால் நித்திரை கிடைக்கிறது. ஆனால் மூச்சு நிற்பதைக் காண ஆளில்லாமல் போய்விடுகிறது.

பிள்ளைகள் முன்னாலோ மாமியின் முன்னாலோ இதைப் பேசாதீர்கள். "உங்களால் எனக்கு நித்திரை இல்லை" என்றால் அவர் வெட்கப்படுவார் அல்லது கோபப்படுவார். "இரவில் உங்களுக்கு மூச்சு நிற்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, ஒரு தடவை காட்டுவோம்" என்று தனிமையில் சொல்லிப் பாருங்கள். முறைப்பாடாகக் கேட்டதைத் தட்டிவிடுபவரும் அக்கறையாகக் கேட்டதைத் தட்ட மாட்டார். காட்டி முடியும் வரை இரவு நேர வாகன ஓட்டத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

சீபெப், வாய்க் கருவி, எடைக் குறைப்பு, சத்திரசிகிச்சை என்று வழிகள் பல. எது சிறந்தது என்று கேட்டால், நோயாளிக்குப் பொருந்தி அவர் ஒவ்வோர் இரவும் விடாமல் பாவிக்கும் வழியே சிறந்தது. அந்த வழியைத் தேடித் தருபவர் வைத்தியர். ஆனால் முதலில் கேட்டவர் நீங்கள். இன்றிரவு விளக்கை அணைத்த பின் பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சைச் சற்று நேரம் கேளுங்கள். உங்கள் மூச்சை யார் கேட்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.